பதினொன்றும் பதினைந்தும்

மணிபாரதிக்கு இந்த உலகத்தில் மரியாதை என்று ஒன்று இருந்தால் அது இரண்டே பேருக்குத்தான். ஒருவர், செத்து ஐம்பது வருஷமான தாத்தா சுப்ராயன். மற்றது, அந்தத் தாத்தா விட்டுப்போன கறுப்பு சித்ரோயன் கார். பெற்ற மகள் ஓவியாகூட அந்த வரிசையில் கிடையாது. மின்துறையில் முப்பத்திரண்டு வருஷம் நாற்காலியைத் தேய்த்துவிட்டு ஓய்வு பெற்ற மறுநாளே ஆள் கொட்டகைக்குள் போய்க் காரின் மேல் கிடந்த தார்ப்பாயை உருவினார். அடியிலிருந்து பெருச்சாளி ஒன்று ஓடியது. அந்த வண்டியில் ஓடுகிற நிலையில் இருந்தது அது ஒன்றுதான்.

காரின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில், காரைக்கால் இன்னும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தபோது, அரிசி ஆலை சுப்ராயன் அதை மதராஸில் வாங்கினார். கம்பெனி பிரெஞ்சுக் கம்பெனி; வண்டி மட்டும் இங்கிலாந்தில் கட்டி, வலது பக்கம் ஸ்டியரிங் வைத்து வந்தது. ஆலைக்கு நெல் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்துப் பதிவு வண்டி என்றால் சுங்கச்சாவடியில் தொல்லை குறையும் என்பது கிழவரின் கணக்கு. பதிவுப் புத்தகத்தில் குதிரைத் திறன் என்ற கட்டத்தில் ‘15’ என்று நீல மசியில் எழுதியிருந்தது. அந்த வீட்டில் சாமி பேருக்கு அடுத்தபடி அதிகம் சொல்லப்பட்டது அந்தப் பதினைந்துதான். “எங்க தாத்தா பதினஞ்சு குதிரயக் கட்டி ஓட்டுனவரு” என்று மணிபாரதி கல்யாண வீடு, எழவு வீடு எதையும் விடாமல் சொல்வார். கேட்கிறவர்கள் கையிலிருக்கும் காப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய பணக்காரர் பழைய கார்களுக்கென்றே காட்சிக்கூடம் கட்டியிருந்தார். அங்கே வண்டியை வைத்தால் பக்கத்தில் பித்தளைப் பலகையில் ‘காரைக்கால் சுப்ராயன் அவர்களின் கார்’ என்று பொறித்து மாட்டுவார்களாம். ஒரே நிபந்தனை, வண்டியோடு வந்த என்ஜின் வண்டியிலேயே இருக்க வேண்டும். அது ஓடவும் வேண்டும். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து மணிபாரதிக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பலகை கண்ணுக்குள்ளேயே நின்றது.

என்ஜினை ஓட வைக்க அவர் தேடிப் போனது போலகம் திருப்பத்தில் பட்டறை வைத்திருந்த பீர் மைதீனை. பீர் மைதீன் முக்கியமாகப் படகு என்ஜின் பார்க்கிறவர். திருவேட்டக்குடி மீனவர்கள் என்ஜினை அவர் பட்டறையில் இறக்கிப் போட்டுவிட்டு, பின்னால் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். நடுக்கடலில் நின்றால் உயிர் போகிற சாமான் அது. அதை ஒரு மனிதர் கையில் அப்படி விட்டுப் போகிறார்கள் என்றால் அந்தக் கை எவ்வளவு சுத்தம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றிய தேய்ந்த வாஷரைக்கூடக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, “உங்க சாமான், உங்ககிட்டயே இருக்கட்டும்” என்று கொடுத்துவிடுவார். பட்டறை வாடகை இடம், வீடு ஒத்தி வீடு. அறுபது வயதில் அவர் சேர்த்துவைத்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான்.

எட்டு மாதம் அந்த என்ஜினோடு மல்லுக்கட்டினார் பீர் மைதீன். என்ஜினின் இரும்புக்கூடான பிளாக்கைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனார், சுரண்டினார், கழுவினார். உள்ளே ஏறியிறங்கும் பிஸ்டனும் அதைச் சுற்றிய லைனர் குழாயும் தேய்ந்து போயே போய்விட்டிருந்தன. வேறு ஊராக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இது காரைக்கால், தெருவுக்கு நாலு பேர் பாரிஸில் இருக்கிறார்கள். மனைவி ஆஸியா பீவியின் தம்பி ஜவஹர் அலி அங்கேதான் இருந்தான். அவனுக்குப் போன் போட்டு, அளவைச் சொல்லி, பிரான்ஸ் கடையிலேயே சாமானை வாங்கச் செய்தார். அவன் விடுமுறைக்கு வரும்போது அக்காளுக்கு வாங்கிய சேலைகளுக்கு நடுவில் வைத்து அந்தப் பெட்டியையும் கொண்டுவந்து சேர்த்தான்.

சித்திரை மாதம் ஒரு காலையில் வண்டி ஒரு தும்மல் தும்மிவிட்டு ஓடியது. மணிபாரதி நடுத்தெருவில் நின்று அழுதார். “பாய், நீங்க மனுசன் இல்ல, தெய்வம்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். பீர் மைதீனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. “அஸ்தஃபிருல்லாஹ், அல்லா மன்னிக்கணும், அப்புடியெல்லாம் சொல்லாதீங்க சார்” என்று கையை உருவிக்கொண்டார்.

அந்தத் தெய்வத்துக்கு நாலு நாள்தான் ஆயுசு.

ஐந்தாம் நாள் டிக்கியைத் துடைக்கப் போன மணிபாரதியின் கையில், பிஸ்டன் வந்த காலி அட்டைப்பெட்டி கிடைத்தது. அதையும் பீர் மைதீன் விட்டுவைக்காமல் உரியவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், பாருங்கள். மேலே பிரெஞ்சில் ஏதோ அச்சிட்டிருந்தது. நடுவில் கொட்டையாக ‘11’. ஓவியா அரசுப் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியை. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள் முன் பெட்டியை நீட்டினார்.

“என்னம்மா போட்டுருக்கு இதுல?”

அவள் அரைக்கண்ணால் பார்த்தாள். “பிஸ்டன் நாலு. சித்ரோயன். பதினொண்ணு... குதிரைப்பா. பதினோரு குதிர.” சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்துக்கொண்டாள்.

மணிபாரதி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பதிவுப் புத்தகத்தில் பதினைந்து. பெட்டியில் பதினொன்று. பதினோரு குதிரைச் சாமான் பதினைந்து குதிரை என்ஜினுக்குள் எப்படிப் பொருந்தும்? பொருந்தி ஓடுகிறது என்றால் உள்ளே இருப்பது தாத்தாவின் என்ஜினே இல்லை. எட்டு மாதம் பட்டறையில் கிடந்தபோது நல்லதை எடுத்து விற்றுவிட்டு, ஏதோ ஒரு சொத்தை என்ஜினைப் பூட்டியிருக்கிறான். என்ஜின் எண் பொறித்த தகடும் பிளாக்கில் இல்லை; அது முப்பது வருஷத்துக்கு முன்பே துருவில் உதிர்ந்துபோனது அவருக்குத் தெரியும். தெரிந்தும், அதையும் பீர் மைதீன்தான் பிடுங்கியிருப்பான் என்று அந்த நிமிஷத்தில் நம்பினார். கோபம் வந்தவனுக்கு எது வேண்டுமானாலும் சாட்சிதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வெளியே வருகிற நேரமாகப் பார்த்துப் போய் நின்றார். வேறு நேரமே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். கிடைத்திருக்கும். அவருக்குக் கூட்டம் வேண்டியிருந்தது.

“பாய்! எங்க தாத்தா என்ஜின எங்க வித்தீங்க?”

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பீர் மைதீன் நிமிர்ந்தார். “என்ன சார் சொல்றீங்க?”

“இந்தப் பெட்டில என்ன? பதினொண்ணு. புத்தகத்துல என்ன? பதினஞ்சு. கவர்மெண்டு முத்திர இருக்கு, பாத்துக்குங்க எல்லாரும். மீதி நாலு குதிர எங்க? நாகூர்ல வித்துட்டீங்களா?”

“நான் கழட்டுன பிளாக்கத்தான் சார் திருப்பிப் பூட்டுனேன். நம்பர் எப்புடிப் போடுறான்னு எனக்குத் தெரியாது. அளந்து பாத்துக்குங்க.”

“அளக்குறதா? திருடுனவன் கைல அளவுகோலக் குடுக்கச் சொல்றீங்களா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். டீக்கடையிலிருந்து ஒருவன் குதிரை மாதிரி கனைத்துக் காட்டினான். அவ்வளவுதான், விஷயம் முடிந்துபோயிற்று. ஊருக்கு ஒரு எண்ணைப் பற்றி விளக்கம் சொல்ல ஒரு மணி நேரம் ஆகும். கனைப்புக்கு ஒரு நொடி போதும். அன்று சாயங்காலத்துக்குள் பீர் மைதீன் ‘குதிரை பாய்’ ஆகிவிட்டார்.

முதலில் சிரித்தவர்கள் பிறகு யோசித்தார்கள். யோசித்ததுதான் மோசம். காரில் என்ஜினை மாற்றுகிறவன் படகில் மாட்டானா? திருவேட்டக்குடியிலிருந்து வேன் வந்தது. பட்டறையில் கிடந்த இரண்டு என்ஜின்களை, பாதி பிரித்த நிலையிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். பதினெட்டு வருஷமாக வந்தவர் ஒருவர், “தப்பா நெனக்காதீங்க பாய், கடலுக்குப் போற சாமான்” என்றார். ஆஸியா பீவி மட்டும் புருஷனுக்காக வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டாள். “என் மாப்புள அடுத்தவங்க ஆணிக்கு ஆசப்பட மாட்டாரு. அல்லா மேல ஆணையாச் சொல்றேன்” என்று குர்ஆன் மேல் கை வைக்காத குறையாகச் சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவள் முதுகைத் திருப்பியதும் மெல்லக் கனைத்தார்கள்.

பத்து நாள் கழித்து, காலை வேளையில், பீர் மைதீன் மணிபாரதி வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் அளவெடுக்கும் காலிப்பர், மஞ்சள் பையில், பாரிஸுக்கு அளவு சொல்ல எடுத்துவைத்திருந்த தேய்ந்த பழைய பிஸ்டன் ஒன்று. கேட்டைத் திறக்கவில்லை மணிபாரதி. கம்பிக்கு உள்பக்கமே நின்றுகொண்டார். வெளியே நின்று பீர் மைதீன் பேசினார்.

“சண்டைக்கு வரல சார். இது உங்க வண்டில இருந்து கழட்டுன பழைய பிஸ்டன். அகலம் எழுவத்தெட்டு மில்லி. பாரிஸ்லேந்து வந்ததும் எழுவத்தெட்டு. பிஸ்டன் ஏறி எறங்குற ஓட்டம் ரெண்டுக்கும் நூறு மில்லி. வேற என்ஜினா இருந்தா ஒட்டுமா? நீங்களே அளந்துட்டு, அன்னிக்கிச் சொன்ன எடத்துல வந்து ஒரு வார்த்த சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

“பிஸ்டன எங்க வேணா பொறுக்கலாம். போங்க பாய், வேலயப் பாருங்க.”

“வேலதான் சார் இல்ல,” என்றார் பீர் மைதீன். பழைய பிஸ்டனைக் கேட்டுக்குக் கீழே உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

ஜன்னலோரம் நின்றிருந்த ஓவியாவின் காதில் அந்த எழுபத்தெட்டு விழுந்தது. அன்று பள்ளிக்கு லீவு போட்டாள். காரோடு வந்த இங்கிலீஷ் கையேடு வீட்டில் இருந்தது. பிரெஞ்சுக் கையேட்டை இணையத்தில் தேடி எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மத்தியானம் அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“அப்பா, பதினொண்ணும் ஒண்ணுதான், பதினஞ்சும் ஒண்ணுதான். ரெண்டு புக்லயும் எழுவத்தெட்டுக்கு நூறுன்னுதான் இருக்கு. ஒரே என்ஜின்.”

“அதெப்புடி ஒரே என்ஜினுக்கு ரெண்டு நம்பரு?”

“இது வரி போடறதுக்கு வச்ச நம்பருப்பா. பிரான்ஸ்ல ஒரு கணக்கு, அவங்க பிஸ்டனோட அகலம், ஓட்டத்தோட நீளம் எல்லாத்தயும் பெருக்குவாங்க. அதுல பதினொண்ணு வருது. இங்கிலாந்துக்காரன் அகலத்த மட்டும் பாப்பான், நீளத்தக் கண்டுக்கவே மாட்டான். அதுல பதினஞ்சு. அதனால அங்க இந்த வண்டிக்குப் பேரே பதினஞ்சுன்னுதான் வச்சு வித்துருக்காங்க. ஜெர்மன்காரன் நெசமா என்ஜின் எவ்ளோ இழுக்குதுன்னு அளக்குறான். அவன் புக்ல அம்பத்தாறு.”

மணிபாரதி நிமிர்ந்தார். “அம்பத்தாறா! நம்ம வண்டியா!”

“அதான் ஒங்களுக்குக் காதுல விழுந்துச்சா?” ஓவியாவுக்கு அழுகை வந்தது. “பாய் ஒண்ணும் எடுக்கலப்பா. பெட்டியப் படிச்சுச் சொன்னது நான். நான் சொன்னது தப்பில்ல, ஆனா அர்த்தம் அது இல்ல. வர்ற வெள்ளிக்கிழம போயி, அதே எடத்துல நின்னு சொல்லிருங்க.”

அவருக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. பழைய பிஸ்டனை எடுத்துத் துணியால் துடைத்து அவரே அளந்தும் பார்த்தார், எழுபத்தெட்டு. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று ஒரு கணம், நிஜமாகவே ஒரு கணம், உடம்பு பதறியது. பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கோடு போட்டுப் பட்டியல் எழுத உட்கார்ந்தார். பிரான்ஸ், இங்கிலாந்து, ஜெர்மனி என்று நாடுகளை எழுதி எதிரே எண்களை எழுதினார். அமெரிக்காவில் விசிறியையும் டைனமோவையும் கழற்றி வைத்துவிட்டு அளந்து எண்ணைப் பெரிதாகக் காட்டுகிற வழக்கம் இருந்தது என்பதையும் எங்கோ படித்து ஓரத்தில் குறித்துக்கொண்டார். எழுத எழுதப் பதற்றம் போய்விட்டது. ஊரில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று தமக்குத் தெரியும் என்கிற சந்தோஷம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை போனார். ஓவியாவுக்குக் கொடுத்த வாக்கு அது. வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனார். தப்பு என்னுது, பாய் சுத்தமான ஆளு. ஐந்தே வார்த்தை. தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. அவரைப் பார்த்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். இன்றைக்கு என்ன வேடிக்கை என்று அத்தனை முகங்களும் அவரையே பார்த்தன. டீக்கடைக்காரன் மரியாதையாக நாற்காலி கொண்டுவந்து போட்டான். கூட்டத்தின் பின்னால் பீர் மைதீன் நின்றார். அவர் கண்ணில் அன்றைக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மணிபாரதி அதைப் பார்த்தார்.

இத்தனை பேர் முன்னால், நாற்காலியில் உட்கார வைத்த பிறகு, நான் முட்டாள் என்று எப்படிச் சொல்வது?

“நான் யோசிச்சுப் பாத்தேன்,” என்றார் மணிபாரதி. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “மனுசன்னா தப்புப் பண்ணுறதுதான். போலீசு, கேசுன்னு போனா வயசான காலத்துல பாய் தாங்க மாட்டாரு. அதனால... நான் மன்னிச்சுட்டேன். இதோட விட்டுருவோம். யாரும் இனிமே அவரக் கேலி பண்ணாதீங்க.”

“பெரிய மனசுங்க ஒங்களுக்கு” என்றார் ஒருவர். இன்னொருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். திருடன் என்றபோதாவது ஊரில் பாதிப் பேருக்குச் சந்தேகம் இருந்தது. மன்னித்துவிட்டேன் என்றதும் அந்தப் பாதியும் தீர்ந்தது. செய்யாதவனை யாராவது மன்னிப்பார்களா? கூட்டத்தின் பின்னால் பார்த்தார் மணிபாரதி. பீர் மைதீனைக் காணவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது ஓவியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்கள்லாம் மனுசன்தானாப்பா?” என்றாள். அவளும் ஒன்றும் கிழித்துவிடவில்லை. போலகம் வரை ஒரு தடவை தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், பீர் மைதீன் தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பெட்டியைப் படித்தது நீதானா என்று ஆஸியா பீவி கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில் திரும்பி வந்துவிட்டாள். அடுத்த மாதம் கேரளப் பக்கத்து மாஹேவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். காரைக்கால் வாத்தியார்கள் மாற்றலுக்குப் பயந்து நடுங்குகிற ஊர் அது. இவள் கேட்டு வாங்கினாள்.

பீர் மைதீன் பட்டறையைக் காலி செய்தார். திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில், சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிற கார்களை நிறுத்த இடம் காட்டுகிற வேலை கிடைத்தது. வாயில் விசில், கையில் ஒரு குச்சி. எந்த என்ஜினையும் தொட வேண்டியதில்லை.

ஆவணி கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. காட்சிக்கூடத்தின் செந்தில்குமார் என்பவர் பேசினார். மணிபாரதி எழுதி அனுப்பிய நாடுவாரிப் பட்டியலை அவர் வெகுவாகப் பாராட்டினார். “பதினொண்ணு, பதினஞ்சு, அம்பத்தாறு, எல்லாம் கரெக்டுங்க சார். நெறயப் பேரு இதுல குழம்பிப்பாங்க. ஒரே ஒரு பிரச்சனைங்க. என்ஜின் நம்பர் தகடு இல்லைங்கறீங்க. இந்த மாடல் என்ஜின் வேற வண்டிகள்லயும் ஓடியிருக்குங்க. வெளிய பாத்து இதுதான் அதுன்னு சொல்ல முடியாதுங்க. கடைசியா பிரிச்சுப் பூட்டுன மெக்கானிக்கு நேர்ல ஒரு வார்த்தை சொல்லி, கையெழுத்துப் போட்டாருன்னா போதும். நாங்க பலகைக்கு ஆர்டர் குடுத்துடறோம்.”

போனை வைத்துவிட்டு மணிபாரதி நோட்டுப் புத்தகத்தை மூடினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு திருநள்ளாற்றுக்குப் பஸ் ஏறினார்.

லாட்ஜ் வாசலில் ஆந்திரா வண்டி ஒன்றுக்குப் பின்னால் விசில் ஊதிக்கொண்டிருந்தார் பீர் மைதீன். ஆள் பாதியாகியிருந்தார். மணிபாரதியைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“பாய், எப்புடி இருக்கீங்க?”

“இருக்கேன் சார்.”

“ஒரு சின்ன ஒத்தாச. கோயம்புத்தூர்லேந்து ஆள் வர்றாங்க. பழைய பிளாக்குதான் இதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லணும். நெசத்தத்தானே சொல்லச் சொல்றேன்.”

“அது நெசம்னு உங்களுக்குத் தெரியுமா சார்?”

மணிபாரதி சுற்றுமுற்றும் பார்த்தார். பக்தர்கள் எள் தீபத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “தெரியும் பாய்” என்றார்.

“எப்பலேந்து?”

“அது... நீங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனீங்கல்ல, அன்னிக்கி.”

“அன்னிக்கேவா,” என்றார் பீர் மைதீன். விரல் விட்டு ஏதோ எண்ணினார். “அப்ப மன்னிச்சேன்னு சொன்னது அதுக்கப்பறம்.”

“விடுங்க பாய், நடந்தது நடந்துபோச்சு. பலகை மட்டும் வந்துரட்டும், ஊரக் கூட்டி நானே எல்லாத்தயும் சொல்லிர்றேன்.”

பீர் மைதீன் குச்சியைக் காட்டி அந்த ஆந்திரா வண்டியை இன்னும் ஓரடி பின்னுக்கு வரச் செய்தார். “வர்றேன் சார்” என்றார். மணிபாரதிக்கு உயிர் வந்தது. பாவம், நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினார். நல்ல மனுஷன் என்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மிதிக்கலாம் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் பந்தல் போடாத குறை. காரை மெழுகு போட்டுத் தேய்த்து வெளியே நிறுத்தியிருந்தார். தெருவே கூடியிருந்தது, போலகத்திலிருந்து டீக்கடைக்காரன்கூட வந்திருந்தான். ஆஸியா பீவியும் வந்து ஓரமாக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். புருஷன் நெசத்தைச் சொல்லப் போகிறார், ஊர் கேட்கப் போகிறது என்று அவளுக்கு முகமெல்லாம் வெளிச்சம். மணிபாரதி தம் பட்டியலை விரித்துவைத்து, பிரான்ஸ்காரன் எப்படி, இங்கிலாந்துக்காரன் எப்படி, ஜெர்மன்காரன் எப்படி என்று கால் மணி நேரம் பேசினார். ஊருக்கு ஒன்றும் புரியவில்லை. ஐம்பத்தாறு என்றபோது மட்டும் கை தட்டினார்கள். செந்தில்குமார் கீழே குனிந்து, படம் எடுத்து, அளந்து, எல்லாம் முடித்துவிட்டுக் காகிதத்தை எடுத்தார்.

“நீங்கதான் மெக்கானிக்குங்களா? இந்த பிளாக்கு வண்டியோட வந்ததேதானுங்களே?”

“இல்லங்க,” என்றார் பீர் மைதீன்.

“என்னங்க?”

“இது வேற வண்டியோட பிளாக்கு. அசல எடுத்து வித்துட்டு இத நான்தான் பூட்டுனேன்.”

மணிபாரதியின் கையிலிருந்து நோட்டுப் புத்தகம் நழுவியது. “பொய்! பொய் சொல்றாரு! பாய், என்ன பேசுறீங்க?”

“சார் கோவப்படுறாரு,” என்றார் பீர் மைதீன், செந்தில்குமாரைப் பார்த்து, குரல் உயராமல். “அவரு எளகுன மனசுக்காரரு, என்னக் காப்பாத்தப் பாக்குறாரு. ஊரக் கேட்டுப் பாருங்க. ஒரு வெள்ளிக்கிழம என்னத் திருடன்னு சொன்னாரு. இன்னொரு வெள்ளிக்கிழம மன்னிச்சுட்டேன்னாரு. எடுக்காதவன யாராச்சும் மன்னிப்பாங்களா?”

“ஆமாங்க, எங்க முன்னாடிதான் சொன்னாரு” என்றான் டீக்கடைக்காரன். நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

“இல்லய்யா! நான் சொன்னது தப்பு! பாய் ஒரு ஆணியக்கூடத் தொடல! சுத்தமான மனுசன்யா அவரு!” மணிபாரதி தொண்டை கிழியக் கத்தினார். எந்த ஐந்து வார்த்தையைச் சொல்ல நாக்கு வரவில்லையோ, அதை இப்போது ஐம்பது தடவை சொன்னார். கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பலகைக்கு ஆசைப்பட்டு மனுஷன் எப்படிப் புளுகுகிறார் பார் என்று ஒருவர் காதுபடவே சொன்னார். செந்தில்குமார் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “மன்னிச்சுக்குங்க சார், சந்தேகம் வந்த வண்டிய எங்களால எடுக்க முடியாதுங்க” என்று சொல்லிவிட்டுத் தம் காரில் ஏறிப் போனார்.

பீர் மைதீன் யாரையும் பார்க்காமல் நடந்தார். ஆஸியா பீவி நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் கிட்டே வந்து “வா புள்ள” என்றபோது இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அவர் தனியாகவே போனார்.

மூன்றாம் நாள் காலையில் அவள் மணிபாரதி வீட்டுக் கேட்டைத் தட்டினாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அவர் வெளியே வந்தார். சவரம் செய்யாத முகம். இரண்டு நாளாகச் சோறும் இல்லை, பேச வீட்டில் ஆளும் இல்லை.

“அண்ணே, ஒரே ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிர்றேன். வீட்டுல கேட்டா, நான் எடுக்கல, அந்த ஆள் மேல இருந்த ஆத்திரத்துல சொன்னேங்கறாரு. தெருவுல அத்தன பேரு முன்னாடி எடுத்தேன்னு சொன்னாரு. நான் இந்த வாயால எத்தன வீட்டுல ஆணையிட்டுருக்கேன் தெரியுமாண்ணே? அல்லா பேரச் சொல்லிருக்கேன். நான் பொய்யாணை போட்டேனா இல்லியா, அது மட்டும் எனக்குத் தெரியணும். நாப்பது வருசம் அந்த மனுசனுக்குச் சோறு போட்டுருக்கேன், அவரு மொகத்தப் பாக்க முடியல.” கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “என்ஜின் உங்களுது. உங்களுக்குத்தான் தெரியும். நீங்க என்ன சொன்னாலும் நம்புறேன். அவரு எடுத்தாரா, இல்லியா?”

மணிபாரதி அவளைப் பார்த்தார். உலகத்தில் அவர் பேச்சை நம்புவதற்கு மிச்சமிருந்த ஒரே ஆள் அவள்தான். அது அவருக்குத் தெரிந்தது. பித்தளைப் பலகையைத் தட்டிப் பறித்தவரின் பெண்டாட்டி என்பதும் தெரிந்தது.

“எடுத்தாரும்மா,” என்றார். “நான்தான் மன்னிச்சு விட்டேன்.”

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். முக்காட்டைச் சரி செய்துகொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள். தெரு திரும்புகிற வரைக்கும் அவர் கேட்டருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய், பசித்ததால், அரிசி களைந்து உலையில் போட்டார்.